சாக்கன் நிற்கிற விதம்

படக்கதையில் நாலாம் பக்கத்துக்கு வருவதற்குள் விஷ்ணுப்ரியாவுக்குச் சாக்கனைப் பார்த்தாலே எரிச்சல் வந்தது. அவனைப் படைத்தவள் அவள்தான். வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. அட்டைப்படத்துக்காக முதன்முதலில் வரைந்தபோது ஆசை ஆசையாக ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனாள். உடம்பு முழுக்க ஒன்றன்மேல் ஒன்றாகத் தைத்த சணல் சாக்கு. சாக்கைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு. கயிற்றின் முடிச்சுகளில் மூட்டை தூக்குகிறவர்களின் இரும்புக் கொக்கிகள். விரல்களுக்குப் பதில் சுக்கு, காதுகளுக்குப் பதில் இரண்டு தராசுத் தட்டு, முகத்தை மூடி ஜாதிபத்திரியின் சிவப்பு வலை. மட்டாஞ்சேரி பஜாரில் பூட்டிக் கிடந்த ஒரு கிடங்குக்குள் மறந்துபோன சரக்கெல்லாம் சேர்ந்து எழுந்து நடக்கிற பூதம் அவன். அந்த ஒரு படம் வரைய அவளுக்கு ஒரு மாதம் பிடித்தது. பார்த்தவர்கள் எல்லாரும் ஆஹா என்றார்கள்.

ஒரு படம் என்றால் சரி. படக்கதையில் சாக்கன் ஒரு பக்கத்துக்கு ஐந்தாறு கட்டங்களில் வருவான். ஓடுவான், குனிவான், மாடிப்படி ஏறுவான், முதுகைக் காட்டுவான். அவன் முதுகில் என்ன இருக்கிறது என்று அவள் யோசித்ததே இல்லை. ஒரே கோணத்தில் அழகாக வரைந்துவிட்டு, இனிப் புத்தகம் முழுக்க இவனோடு குடித்தனம் நடத்த வேண்டும் என்பதை மறந்துவிடுவது படக்கதை போடுகிறவர்கள் ஒரு தடவையாவது செய்கிற தப்பு. பெண் பார்க்க வந்த அன்று பார்த்த முகத்தை நம்பிக் கழுத்தை நீட்டுகிற மாதிரிதான். ஒரு கட்டத்தில் இடது தோளில் இருந்த கொக்கி அடுத்த கட்டத்தில் வலது தோளுக்குப் போயிருக்கும். கயிறு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று தேடுவதற்குள் மத்தியானம் போய்விடும்.

எர்ணாகுளத்தில் ‘கப்பலண்டி’ என்று ஒரு சின்னப் பதிப்பகம் நடத்துகிறான் ரோஹன். கப்பலண்டி என்றால் மலையாளத்தில் நிலக்கடலை. பொட்டலம் வாங்கிக் கொறிப்பதுபோல ஜனங்கள் படக்கதை படிக்க வேண்டும் என்பது அவன் ஆசை. பாலக்காட்டுத் தமிழ்ப் பையன், விஷ்ணுப்ரியாவைவிடச் சின்னவன். நாலு பக்கத்தையும் பார்த்துவிட்டுப் போனில் சிரித்தான்.

“சேச்சி, எல்லாத்தையும் எல்லாக் கட்டத்துலயும் வரையணும்னு ஒங்களுக்கு யாரு சொன்னா? கிட்டக்க வரச்சே வலை, கொக்கி, கயிறு எல்லாம் வரட்டும். கொஞ்சம் தள்ளி நின்னா ரெண்டு கொக்கி போறும். தூரத்துலேன்னா வெறும் கறுப்பு. அந்தக் கறுப்பைப் பார்த்தாலே சாக்கன்னு கொச்சுக் குழந்தைக்குக்கூட மனசிலாகணும். மொதல்ல அந்தக் கறுப்பைக் கண்டுபிடியுங்கோ. மத்ததெல்லாம் அதுமேல போர்த்தற துணிதானே.”

அவளுக்குத் தெரியாத விஷயம் இல்லை. நிழலில் ஆரம்பித்து நகைக்கு வர வேண்டும். அவள் நகையில் ஆரம்பித்துவிட்டாள். இனி வந்த வழியே திரும்பிப் போக வேண்டியதுதான். சாக்கனிடமிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினாள். தராசுத் தட்டை எடுத்தாள், இன்னும் சாக்கன்தான். வலையை எடுத்தாள், பரவாயில்லை. கொக்கிகளை எடுத்தாள், கயிற்றை எடுத்தாள், சுக்கு விரல்களைச் சாதாரண விரலாக்கினாள். கடைசியில் சாக்குப் போர்த்திய யாரோ ஒரு ஆள் நின்றான். கட்டைவிரல் அளவுக்குச் சின்னதாக்கிக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தால் உருளைக்கிழங்கு மாதிரி இருந்தான். எல்லாவற்றையும் எடுத்த பிறகும் ஒரு ஆளிடம் என்ன மிச்சம் இருக்கும் என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டாள். நடையா, உயரமா, கழுத்தா? எதை மாற்றினாலும் உருளைக்கிழங்கு உருளைக்கிழங்காகவே இருந்தது.

அவள் குடும்பம் இருந்தது மட்டாஞ்சேரியில் ஒரு பழைய வீட்டின் மாடி. கீழே வற்றல் மிளகாய்க் கிடங்கு. மூட்டை பிரிக்கிற நாளில் வீடே இருமும். விஷ்ணுப்ரியாவின் மேஜை ஜன்னலைப் பார்த்து, அறை வாசலுக்கு முதுகு காட்டிப் போட்டிருந்தது. வெளிச்சத்துக்கு அதுதான் நல்லது என்று இடம் பார்த்துப் போட்டது அவள் கணவன் வெங்கிடராமன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம், யோசித்து யோசித்து அலுத்துப்போய், டேப்லெட்டில் பேனாவின் முனையைப் பெரிதாக்கிக்கொண்டு, கை போன போக்கில் ஒரே இழுப்பாக ஒரு உருவத்தைக் கறுப்பாக வரைந்தாள். யோசிக்கவே இல்லை. வலது கை மேலே எதையோ பிடித்திருந்தது. இடது தோள் சரிந்திருந்தது. தலை அந்தப் பக்கமாகச் சாய்ந்து, யாரோ சொல்லப்போகிற பதிலுக்குக் காத்திருப்பதுபோல் இருந்தது. கால்கள் சாவகாசமாக ஒன்றின் குறுக்கே ஒன்று. பல்லும் இல்லை, நகமும் இல்லை. சும்மா நின்றான், அவ்வளவுதான். அவள் கையில் மயிர் குத்திட்டு நின்றது. சரியான உருவம் கிடைத்துவிட்ட சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டாள். உடனே ரோஹனுக்கு அனுப்பினாள்.

“இதாக்கும் சாக்கன்!” என்று அவன் கத்தினான். “சேச்சி, நேக்கு வயத்தைக் கலக்கறது. ஒண்ணுமே பண்ணாம நிக்கறான், ஆனா ஓடிப்போயிடலாம்னு தோணறது. போஸ்டருக்கு வேற ஒண்ணும் வேண்டாம். மஞ்சள்ல இந்தக் கறுப்பு, கீழே மலையாளத்துல ‘சாக்கன் வருன்னு’, சாக்கன் வரான்னு. அவ்வளவுதான். சனிக்கிழமை பஜார் ரோடு முழுக்க ஒட்டிடலாம்.”

மறுநாள் காப்பி டம்ளரோடு மாமியார் கமலாக்ஷி வந்தபோது அந்தக் கறுப்பு உருவம் திரை முழுக்க நின்றிருந்தது. கமலாக்ஷிக்கு மருமகள் வரைகிற பூதத்தின் மேல் ஒரு வாஞ்சை உண்டு. அவனுக்குச் சுக்கு விரல் வைக்கச் சொன்னதே அவள்தான். தினமும் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒன்னோட பூதம் இன்னிக்கு எங்கே போறான் என்று கேட்பாள். அன்றைக்கும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தாள்.

“ஏண்டி, இது நம்ம வெங்கிடின்னா!” என்று சிரித்தாள். “அவன் நிக்கறாப்பலயே இருக்கு. கையை மேல வெச்சுண்டு, தலையைச் சாச்சுண்டு…”

அவள் சிரிப்பு பாதியில் நின்றுபோனது. டம்ளரை மேஜைமேல் வைத்தாள். கொஞ்சம் சிந்திற்று, துடைக்கவில்லை. போய் அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்தாள். பகல் பதினோரு மணி. வெங்கிடராமன் ஆபீஸில் இருந்தான். சாத்த வேண்டிய அவசியமே இல்லை.

“அவன் பார்த்தானோ?”

“இல்லேம்மா.”

“அழிச்சுக்களை.”

விஷ்ணுப்ரியாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. தெரிந்தவுடன் அது தனக்கு நேற்றே தெரியும் என்பதும் தெரிந்தது. அந்த வீட்டின் கதவு நிலைகள் எல்லாம் குள்ளம். வெங்கிடராமன் நல்ல உயரம். சாயங்காலம் வந்ததும் அறை வாசலில் நிலையின் மேல்கட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நிற்பான். கூடத்து வெளிச்சம் அவனுக்குப் பின்னால் இருக்கும். வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறவளுக்கு அவன் முகம் தெரியாது. திரையின் கண்ணாடியில் ஒரு கறுப்பு உருவம் மட்டும் தெரியும். கல்யாணமான ஆறு வருஷத்தில் அவள் அதிகம் பார்த்த படம் அதுதான்.

“நான் அவரை நினைச்சு வரையல்லேம்மா. சத்தியமா.”

“நீ நினைச்சயோ இல்லையோ, இது அவன்தான். பெத்தவளுக்குத் தெரியாதா?” கமலாக்ஷி குரலைத் தாழ்த்தினாள். “அவன் அப்பாவும் இப்படித்தான் நிப்பார். அடுக்களை வாசல்ல. நான் பாட்டுக்கு தோசையைத் திருப்பிண்டிருப்பேன். திரும்பிப் பார்க்கவே மாட்டேன். முதுகுலயே தெரிஞ்சுடும்.”

அதைப் பற்றி அவர்கள் இருவரும் பேசியது அதுதான் முதல் தடவை. பேசியவுடன் இரண்டு பேருக்கும் சங்கடமாகப் போயிற்று. கமலாக்ஷி டம்ளரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அதில் இன்னும் காப்பி இருந்தது.

வெங்கிடராமன் கை ஓங்கியதில்லை. குரலைக்கூட உயர்த்த மாட்டான். பஜார் ரோட்டில் ஒரு மிளகு ஏற்றுமதிக் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை அவனுக்கு. ஒரு பிடி அள்ளிப் பார்த்தால் எவ்வளவு பொக்கு, எவ்வளவு கலப்படம் என்று சொல்லிவிடுவான். அந்தக் கண்ணோடுதான் வீட்டுக்கும் வருவான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் அவன் வந்தபோது விஷ்ணுப்ரியா ரோஹனோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். அவன் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, காப்பி ஆச்சா என்றான். அவள் ஒரு நிமிஷம் என்று விரலைக் காட்டினாள். அதே குரலில் இன்னொரு தடவை கேட்டான். பிறகு உள்ளே வந்து, அவள் வரைகிற டேப்லெட்டின் ஒயரைக் கழற்றி, அழகாகச் சுற்றி வைத்துவிட்டு, டேப்லெட்டைக் குளியலறைக்கு எடுத்துப் போனான். வாளியில் தண்ணீர் இருந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, அதை மெதுவாகத் தண்ணீருக்குள் இறக்கினான். போடவில்லை, இறக்கினான். “பாவம், சூடாயிடுத்து. ஆறட்டும்” என்றான்.

அடுத்த வாரம் அதைவிடப் பெரியதாக ஒன்று வாங்கிக்கொண்டு வந்தான். வீட்டுக்கு வந்தவர்களிடம் எல்லாம் காட்டினான். இப்படி ஒரு ஆம்படையான் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து கீழே ஸ்கூட்டர் நிற்கிற சத்தம் கேட்டால் அவள் கையில் பேனா நின்றுவிடும். மரப்படியில் செருப்புச் சத்தம் ஏறி வர வர முதுகு விறைக்கும். யாரிடமாவது சொல்லலாம் என்றால் என்னவென்று சொல்வது? நிற்கிறான் என்றா?

அந்த ஆளைத்தான் அவள் மஞ்சள் காகிதத்தில் கறுப்பாக அடித்துப் பஜார் ரோடு முழுக்க ஒட்டப் போகிறாள். அவன் தினமும் போய்வருகிற ரோடு. அவன் கம்பெனியின் மதில்கூட விளம்பரம் ஒட்டத் தோதான மதில்தான்.

அன்று பூராவும் உட்கார்ந்து சாக்கனை மாற்றினாள். மேலே இருந்த கையைக் கீழே இறக்கினாள். சரிந்த தோளை நிமிர்த்தினாள். தலையை நேராக்கி, கால்களை அகட்டி வைத்தாள். கடைசியில் இரண்டு கொக்கியையும் திருப்பி மாட்டிவிட்டாள். வியாழக்கிழமை காலையில் ரோஹனுக்கு அனுப்பினாள். அவன் கூப்பிட்டான்.

“சேச்சி, இது வேற யாரோ. சாக்கு போர்த்திண்டு பஸ்ஸுக்கு நிக்கறவன். பழசுக்கு எந்தாக்கும் கொறச்சல்?”

“சும்மா. மாத்தினா நன்னாயிருக்கும்னு தோணித்து.”

“ஏன்?”

அவன் இன்னொரு தடவை கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான். “செரி. நாளைக்குக் காலம்பற பிரஸ்ஸுக்குக் கொடுக்கணும். ரெண்டுல எதுன்னு நீங்களே அனுப்பிடுங்கோ. ஒங்க படம், ஒங்க இஷ்டம்” என்றான்.

சாயங்காலம் ஸ்கூட்டர் நின்றபோது திரையில் புதுச் சாக்கன் இருந்தான். பழையவன் அவனுக்கு அடியில் இருந்தான். இப்போதெல்லாம் படத்தை அடுக்கு அடுக்காகத்தான் வரைகிறார்கள். ஒரு அடுக்கை மறைத்து வைத்தால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அழிந்திருக்காது. அழித்துவிடலாம் என்று அவள் மூன்று நாலு தடவை கையைக் கொண்டுபோனாள். மனசு வரவில்லை. நல்ல படம். அவள் வரைந்ததிலேயே நல்ல படம் அதுதான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

படிச்சத்தம் ஏறி வந்தது. கண்ணாடியில் கறுப்பு உருவம் வந்து நின்றது. திரைக்குள் ஒருவன், திரைக்கு மேல் ஒருவன். அவள் பேனாவைச் சும்மா ஒரு மூலையில் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

“என்ன சொல்றான் ஒன் சாக்கன்?” என்றபடி வெங்கிடராமன் உள்ளே வந்தான். நல்ல மூடில் இருந்தான். அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தான். அவனிடமிருந்து மிளகு வாசனை வந்தது.

“போஸ்டருக்கு இதுவா போறது?”

“ம்.”

“பயமா இல்லையே, ப்ரியா.” மிளகைக் கையில் உருட்டிப் பார்க்கிறவன் குரலில் சொன்னான். “உள்ளே ஒண்ணுமில்லே. பொக்கு. யாரு பயப்படுவா இதைப் பார்த்து? பூதம்னா எப்படி இருக்கணும் தெரியுமா? நான் காட்டறேன், பார்த்து வரை.”

அறை நடுவில் போய் நின்றான். இரண்டு கையையும் தூக்கி, விரல்களை வளைத்து, கண்ணை உருட்டி, நாக்கை நீட்டிக்கொண்டு ஹா என்று பெரிதாகக் கத்தினான். அடுக்களையிலிருந்து கமலாக்ஷி எட்டிப் பார்த்துவிட்டு, சிரிக்க வேண்டும் என்பதற்காகச் சிரித்தாள். விஷ்ணுப்ரியாவும் சிரித்தாள். நிஜமாகவே கொஞ்சம் சிரிப்பு வந்தது. அவனைப் பார்த்து அவளுக்குத் துளிக்கூடப் பயமில்லாமல் இருந்தது அந்த நேரத்தில்தான்.

அவன் திரும்பி வந்து, திரையின் ஓரத்தில் வரிசையாக இருந்த அடுக்குகளின் பெயர்களைப் படித்தான். “நிழல் ரெண்டு,” என்றான். “கீழே நிழல் ஒண்ணு இருக்கே, அதை ஏன் மறைச்சு வெச்சிருக்கே?”

“அது வேண்டாம்னு விட்டுட்டேன். நன்னாயில்லே.”

“காட்டேன். நீ வேண்டாம்னு விட்டதுதான் நன்னாயிருக்கும். எனக்குத் தெரியாதா உன்னை?”

அவன் விரல் திரைக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து நின்றது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. அப்போது அடுக்களையில் பாத்திரம் விழுந்து உருண்டது. ஒன்று விழுந்து, அது நிற்பதற்குள் இன்னொன்றும் விழுந்தது. வெங்கிடராமன் என்னவென்று பார்க்கப் போனான். அவள் அந்த அடுக்கை வேறு ஒரு இடத்தில் மாற்றி வைத்துவிட்டு, பெயர் இருந்த வரியை எடுத்துவிட்டாள். முதல் தடவை விரல் தப்பான இடத்தில் பட்டது.

அவன் திரும்பி வந்தான். உள்ளே வரவில்லை. நிலையின் மேல்கட்டையைப் பிடித்துக்கொண்டு, தோளைச் சரித்து, தலையைச் சாய்த்து நின்றான்.

“அம்மாவுக்குக் கை தவறிப்போச்சாம். வயசாயிடுத்து” என்றான். கொஞ்சம் பொறுத்து மிருதுவாகக் கேட்டான். “காப்பி ஆச்சா?”

அவள் எழுந்து போனாள். அடுக்களையில் கமலாக்ஷி கீழே குனிந்து, ஒன்றுமில்லாத தரையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். விழுந்தவை இரண்டும் காலிப் பாத்திரங்கள். இருவரும் முகத்தைப் பார்த்துக்கொள்ளவில்லை.

ராத்திரி படுத்தபின் விஷ்ணுப்ரியா அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். அவன் சொன்னது சரி, புதுச் சாக்கனைப் பார்த்து யாரும் பயப்பட மாட்டார்கள். நாக்கை நீட்டிக் கத்துகிறவனைப் பார்த்தும் யாரும் பயப்பட மாட்டார்கள். சும்மா நிற்கிறவனிடம் என்ன இருக்கிறது என்று உலகத்தில் இரண்டு பெண்களுக்கு மட்டும்தான் தெரியும் என்று அவள் நினைத்திருந்தாள். ரோஹன் வெங்கிடராமனை ஒரே ஒரு தடவை ஏதோ கல்யாணப் பந்தியில் பார்த்திருக்கிறான். நிற்கிறதைப் பார்த்ததில்லை. அவனுக்கு ஏன் வயிற்றைக் கலக்கியது? யாரிடமும் சொல்லவே முடியாது என்று அவள் வைத்திருந்ததை அந்தப் படம் சொல்லிவிட்டிருக்கிறது. அவள் ஒரு வார்த்தை பேசாமல், எர்ணாகுளத்தில் இருக்கிற ஒருத்தனுக்கு அது புரிந்திருக்கிறது. இதை நினைத்ததும் எழுந்து உட்கார்ந்துகொண்டாள். பக்கத்தில் வெங்கிடராமன் சீராக மூச்சு விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் அவன் குளிக்கப் போனான். வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அவள் பழைய படத்தைத் தேடி எடுத்து ரோஹனுக்கு அனுப்பினாள். ‘முதல்ல வரைஞ்சதே’ என்று எழுதினாள். தைரியம் என்றெல்லாம் ஒன்றுமில்லை. ரோஹன் இன்னும் பார்க்கவில்லை, இப்போதுகூட அழித்துவிடலாம். விரலை வைத்துக்கொண்டே நின்றாள். உள்ளே தண்ணீர் நின்றது. போனில் நீலக்கோடு இரண்டும் விழுந்துவிட்டன, ரோஹன் பார்த்துவிட்டான்.

கமலாக்ஷி அடுக்களை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எதை அனுப்பிச்சே?”

“பழசை.”

கமலாக்ஷிக்குப் பின்னால் பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அவள் திரும்பவே இல்லை.

சனிக்கிழமை வெங்கிடராமன் கிளம்பிப் போன பிறகு, காய் வாங்கப் போகிற மாதிரி விஷ்ணுப்ரியா பையை எடுத்துக்கொண்டு பஜார் ரோட்டுக்குப் போனாள். மழை தூறிக்கொண்டிருந்தது. படகுத்துறைப் பக்கத்திலிருந்தே ஆரம்பித்துவிட்டிருந்தான் சாக்கன். அரிசிக் கிடங்கின் கதவில், சாயாக்கடையின் பக்கச்சுவரில், மூடிக் கிடந்த கட்டடத்தின் தூண்களில், வரிசையாக, மஞ்சளில் கறுப்பாக, கையை மேலே வைத்துக்கொண்டு தலையைச் சாய்த்து நின்றான். அவள் திரையில் பார்த்ததைவிடப் பெரியவனாக, ஆள் உயரத்தில் இருந்தான். ஒவ்வொருவனும் அவள் பதில் சொல்லக் காத்திருந்தான். திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தாள். ஆனால் கால் வெங்கிடராமனின் கம்பெனி இருக்கிற பக்கமாகவே போயிற்று.

கம்பெனி மதிலிலும் ஒட்டியிருந்தார்கள். லாரியிலிருந்து மூட்டை இறக்கிவிட்டுத் தலைத்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இரண்டு பேர் அதன்முன் நின்றார்கள். ஒருவன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான்.

“எடா, இது நம்முடெ சாறல்லே?” நம்ம சார் இல்லையா என்று கேட்டான்.

மற்றவன் சுற்றும்முற்றும் பார்த்தான். பிறகு மதிலின் மேல்விளிம்பில் கையை வைத்து, தோளைச் சரித்து, தலையைச் சாய்த்து நின்றான். வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை, நின்றான் அவ்வளவுதான். முதல் ஆள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கேட் பக்கம் பார்த்து, சிரிப்பை விழுங்கிக்கொண்டு, அடுத்த மூட்டைக்கு முதுகைக் கொடுத்தான். அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. அவன் இங்கேயும் இப்படித்தான் நிற்கிறான் என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை. குடையைத் தாழ்த்திக்கொண்டு வேகமாக நடந்தாள். காய் வாங்க மறந்துபோனாள்.

மத்தியானம் முழுக்க அவன் போன் செய்யவில்லை. வழக்கமாகச் சாப்பிட்டவுடன் ஒரு தடவை கூப்பிடுவான். அவள் குளியலறை வாளியைக் கவிழ்த்து வைத்தாள். அப்படிச் செய்தது அசட்டுத்தனமாக இருந்தது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வரத்தான் போகிறது. அம்மா வீட்டுக்கு ஒரு பையில் துணி எடுத்து வைக்கலாமா என்று தோன்றிற்று. இரண்டு புடவையை எடுத்துக் கட்டில்மேல் போட்டாள். பிறகு அவை அங்கேயே கிடந்தன. டேப்லெட்டை மட்டும் எடுத்து மேஜைமேல் வைத்து, சாக்கன் கிடங்குக் கதவைத் திறந்துகொண்டு வருகிற கட்டத்தை வரைய உட்கார்ந்தாள். கோடு கோடாகவே நிற்கவில்லை. இருந்தாலும் வரைந்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் கமலாக்ஷி கோவிலுக்குப் போகாமல் இருந்ததில்லை. அன்று விளக்கேற்றிவிட்டு, கூடத்திலிருந்த பிரம்பு நாற்காலியைத் தூக்க முடியாமல் தூக்கி, தரையில் இழுத்துக்கொண்டு அறைக்குள் வந்தாள். மேஜைக்கும் வாசலுக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தாள்.

“கோவிலுக்குப் போகலையாம்மா?”

“இன்னிக்கு நான் எங்கேயும் போகல்லே.” கைகளை மடியில் கோத்துக்கொண்டாள். “நீ வரை. திரும்பிப் பார்க்காதே.”

ஸ்கூட்டர் வந்து நின்றது. மழையில் அது நின்ற பிறகும் கொஞ்ச நேரம் படியில் சத்தம் கேட்கவில்லை. பிறகு ஏறி வந்தது, எப்போதும் வருகிறதைவிட மெதுவாக. செருப்பைக் கழற்றுகிற சத்தம். கூடத்தில் ஈரக் காலடி. விஷ்ணுப்ரியாவின் முதுகு இறுகிற்று. கண்ணாடியில் கூடத்து வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு கறுப்பு உருவம் வந்தது. சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கீழே கிடங்கில் யாரோ இருமினார்கள்.

இடது தோள் மெல்லச் சரிந்தது. தலை சாய்ந்தது. வலது கை பழக்கத்தில் நிலையின் மேல்கட்டையைப் பார்த்து எழும்பியது. பாதியில் நின்றுவிட்டது.

நாற்காலி கிறீச்சென்றது, கமலாக்ஷி அசைந்து உட்கார்ந்தாள். விஷ்ணுப்ரியா பேனாவைக் கீழே வைத்தாள். நாற்காலியோடு திரும்பி, கண்ணாடியில் அல்லாமல் நேராக அவனைப் பார்த்தாள். வெளிச்சம் பின்னால் இருந்ததால் முகம் இப்போதும் தெரியவில்லை. அந்தக் கை மட்டும், மேலே போகவும் தெரியாமல், கீழே இறங்கவும் தெரியாமல், தலைக்குக் கொஞ்சம் கீழே காற்றில் நின்றுகொண்டிருந்தது. விரல் நுனியிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.